மின்தூக்கித் தொழிலாளரும் உரிமச் சட்டமும்

நடக்க இயலாதவர்களை உயரத்துக்கு ஏற்றிவிடுவது சித்தூர்ச் சீமையில் பழைய பிழைப்பு. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. முதியவர்களையும் நோயாளிகளையும் டோலியில் இருத்தி, தோள்மீது தாங்கி அப்படிகளின் வழியே கொண்டு சென்ற காலம் ஒன்று இருந்தது. 1944-ஆம் ஆண்டில் மலைமீது மோட்டார்ப் பாதை திறக்கப்பட்டதும் டோலிக்காரரின் சுமை பஸ் ஓட்டுநரின் கைக்கு மாறிற்று. பின்னர், அடிவாரத்தில் திருப்பதி நகரம் வளர்ந்து, பல மாடி விடுதிகளும் மருத்துவமனைகளும் எழுந்தபோது, அச்சுமையில் ஒரு பங்கு லிப்டு என்று நாம் வழங்கும் மின்தூக்கிக்குச் சென்றது.

டோலி சுமந்தவரை யாத்திரிகர் கண்ணாரக் கண்டார். அவர் தோள் வலியதா, கால் உறுதியானதா என்று பார்த்தே ஏறி அமர்ந்தார். மலைப்பாதையில் பஸ் ஓட்டுபவரையும் காண்கிறோம்; அவரிடம் சர்க்கார் வழங்கிய உரிமம் இருக்கிறது என்பதும் தெரியும். லிப்டைப் பொருத்தியவரையும் பழுது பார்ப்பவரையும் நாம் காண்பதில்லை. அவர் மேல்மாடியிலுள்ள எந்திர அறையிலோ, கூண்டின் உச்சியிலோ, கூண்டு ஓடும் கிணற்றின் அடியிலோ வேலை செய்துவிட்டுப் போய்விடுகிறார். அவரிடம் என்ன சீட்டு இருக்கிறது? அதை வழங்கியவர் யார்? எதைச் சோதித்து வழங்கினார்? இக்கேள்விகளுக்கு விடை தேடினால் அது ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறாக விரிகிறது. அதில் ஓர் எல்லைத் தகராறும் வந்து கலக்கிறது.

நம் நாட்டில் எந்திரத்துக்கும் அதனை ஆளும் மனிதனுக்கும் சட்டம் காவல் நிற்கத் தொடங்கியது நீராவியிலிருந்து. 1863-இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பெருஞ்சேதம் விளைவித்தது. மறு ஆண்டே, 1864-இல், வங்காளத்தில் கொதிகலன்களைப் பரிசோதிக்கச் சட்டம் வந்தது. மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்ட விதிகளை 1923-ஆம் ஆண்டு இந்தியக் கொதிகலன் சட்டம் ஒன்றுபடுத்தியது. தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் பொறுப்பிலன்றிக் கொதிகலனை இயக்கலாகாது என்னும் நெறியும் நிலைபெற்றது. அடுத்து மின்சாரம், 1903-இலும் 1910-இலும் சட்டங்கள் பிறந்தன. அப்பால் மோட்டார், 1914-ஆம் ஆண்டுச் சட்டமே ஓட்டுநருக்கு உரிமம் வேண்டுமென்றது, 1939-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விரிவாக்கிற்று.

அதே 1939-இல்தான் பம்பாய் மாகாணத்தில் லிப்டுகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேற்றுமை புலப்படும். மோட்டார்ச் சட்டம் வண்டியைப் பதிவு செய்யச் சொல்லிற்று. ஓட்டுபவனுக்கும் தனியே சோதனை வைத்தது. லிப்டுச் சட்டமோ கட்டட உரிமையாளரை நோக்கியே பேசியது. லிப்டு நிறுவ அனுமதி பெறவேண்டும். நிறுவி முடித்தபின் இயக்க உரிமம் பெறவேண்டும். சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க இடந்தர வேண்டும். உரிமம் கூண்டுக்குத்தான். கூண்டின் உச்சியில் ஏறி நின்று உயிரைப் பணயம் வைப்பவனைப் பற்றிய பேச்சு அதில் குறைவு.

பம்பாய் முந்திக்கொண்டதில் வியப்பில்லை. கடல் சூழ்ந்த குறுகிய நிலத்தில் அடுக்கு வீடுகள் எழுந்த நகரம் அது. கல்கத்தாவில் 1892-ஆம் ஆண்டிலேயே கவர்னர் ஜெனரல் மாளிகையில் லிப்டு பொருத்தப்பட்டது. எனினும் மேற்கு வங்கத்துக்குத் தனிச் சட்டம் 1955-இல்தான் வந்தது. டில்லியோ பம்பாய்ச் சட்டத்தையே இரவல் வாங்கிக்கொண்டு, 1942-இல் தனக்கென விதிகளை வகுத்துக்கொண்டது. சென்னை மாகாணம் இதில் அவசரப்படவில்லை. சென்னை பரந்து கிடந்த நகரம்; தோட்டத்தின் நடுவே வீடு கட்டி வாழ்ந்த ஊர். மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் எழுந்து நின்றபோது, அண்ணாந்து பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து மக்கள் வந்தார்கள் என்றால், அதற்கு முன் நிலை எவ்வாறிருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இப்போது எல்லைக் கதைக்கு வருவோம். சித்தூர் ஜில்லா 1911-இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது அது அந்த ராஜ்யத்தின் பகுதியாயிற்று. நகரி, புத்தூர், சத்தியவேடு, திருத்தணிப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கின. அவற்றை முன்னிட்டு எழுந்த கிளர்ச்சியும், அதில் ம. பொ. சிவஞானத்தின் பங்கும் நேயர்கள் அறிந்தவையே. எச். வி. படாஸ்கரின் பரிந்துரையை அடியொற்றி 1959-இல் இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டத்தின்படி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரப் பிரதேசத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி ஜில்லாவாயிற்று.

ராஜ்யம் பிரிந்தால் சட்டம் உடனே பிரிந்துவிடுவதில்லை. சென்னைச் சட்டசபை முன்னர் இயற்றியவை, மாற்றப்படும் வரையில், ஆந்திரப் பகுதியிலும் செல்லுபடியாயின. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆட்சிக்கென 1932-இல் பிறந்த சட்டமே சென்னையில் பிறந்ததுதான். ஆகவே சென்னை மாகாணம் பம்பாயைப் போல் 1939-ஐ ஒட்டியே ஒரு லிப்டுச் சட்டம் செய்திருக்குமாயின், அது சித்தூருக்கும் உடன் வந்திருக்கும். அவ்வாறு செய்யவில்லை. தமிழ்நாட்டில் லிப்டுச் சட்டம் 1997-இல்தான் நிறைவேறியது. அதற்குள் சித்தூர் கைமாறி 44 ஆண்டுகள் கடந்துவிட்டன. திருத்தணிக்குக் கிடைத்த சட்டம், அங்கிருந்து சில காத தூரத்திலுள்ள நகரிக்கும் புத்தூருக்கும் பொருந்தாது.

அப்படியாயின், இடைப்பட்ட காலத்தில் சித்தூரிலோ திருப்பதியிலோ லிப்டில் கை வைத்தவன் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டான்? மின்சாரச் சட்டத்துக்கு. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆம் விதி என்று ஒன்று உண்டு. வயர்மேன் தொழிலில் இருப்பவர்களுக்கு அது மனப்பாடம். விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்சு முதலியவற்றைத் தன்மை மாறாமல் மாற்றிப் பொருத்துவது நீங்கலாக, எந்த மின்சார அமைப்பு வேலையையும், பழுது பார்ப்பதையும், ராஜ்ய சர்க்காரின் உரிமம் பெற்ற காண்டிராக்டரே செய்யவேண்டும். தகுதிச் சான்றிதழ் உடைய சூப்பர்வைசர் நேரில் மேற்பார்க்க வேண்டும். கையால் வேலை செய்பவரிடம் பெர்மிட்டு இருக்கவேண்டும். இவ்வாறு மூன்று படிகளை அவ்விதி அமைத்தது. லிப்டின் மோட்டாரும் கம்பிகளும் விளக்கையும் விசிறியையும் போன்ற விதிவிலக்கில் அடங்கா. ஆகையால் லிப்டு வேலையின் மின்சாரப் பகுதி 45-ஆம் விதிக்குள் வந்துவிட்டது. பின்னர் 2010-லும் 2023-லும் மத்திய மின்சார ஆணையம் வகுத்த ஒழுங்குமுறைகளும் இந்நெறியையே தொடர்ந்தன.

அவ்விதியில் ஒரு சொல்லை நான் விரும்பிப் படிப்பதுண்டு. பெர்மிட்டு ராஜ்ய சர்க்காரால் ‘வழங்கப்பட்டதாகவோ ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவோ’ இருக்கலாம் என்பது அதன் கருத்து. ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்னும் அச்சிறு சொல் எல்லைப்புறத்துத் தொழிலாளிக்குப் பெரிய கதவு. சென்னையில் சோதனை தேறி, சித்தூரில் பிழைக்கச் சென்றவனை ஆந்திர சர்க்கார் மீண்டும் பள்ளிப் பிள்ளையைப் போல் உட்கார வைக்கவேண்டியதில்லை. அவன் சீட்டை ஏற்கலாம். ஆனால் ஏற்றே தீரவேண்டும் என்ற கட்டாயமும் அச்சொல்லில் இல்லை. பம்பாய்க்கும் பெங்களூருக்கும் வேலை தேடிச் சென்ற நம்மவர்களில் எத்தனை வயர்மேன்கள் இந்த ஒரு சொல்லின் இருபுறமும் நின்று காத்திருந்திருப்பார்கள்! சீட்டு ஏற்கப்பட்டால் அவன் வயர்மேன். ஏற்கப்படாவிட்டால் அதே கைத்திறமையோடு, குறைந்த கூலிக்கு, வேறொருவன் பெயரில் வேலை செய்யும் எடுபிடி.

மொழியைப் பற்றியும் அவ்விதிகளில் ஒரு குறிப்பு உண்டு. மின் அதிர்ச்சி அடைந்தவரை எவ்வாறு உயிர்ப்பிப்பது என்னும் அறிவிப்பைத் தொழிற்சாலைகளிலும் மின் நிலையங்களிலும் யாவரும் காணும்படி ஒட்டவேண்டும் என்கிறது 44-ஆம் விதி. எந்த மொழியில்? ஆங்கிலத்திலோ இந்தியிலோ, அதனுடன் அந்த ஜில்லாவின் மொழியிலும். ஜில்லாவுக்கு ஒரு மொழி என்று கொண்ட விதி அது. தெலுங்கு படிக்கத் தெரியாத தமிழ்த் தொழிலாளியும், தமிழ் படிக்கத் தெரியாத தெலுங்குத் தொழிலாளியும் ஒரே கொட்டகையில் வேலை செய்த ஜில்லாக்களை அது எண்ணிப் பார்க்கவில்லை. நல்ல முதலாளிகள் இரு மொழியிலும் ஒட்டலாம், அதைத் தடுப்பாரில்லை.

இதுவரை சொன்னது மின்சாரம். லிப்டோ பாதிதான் மின்சாரம். மற்றப் பாதி கம்பிவடமும், பளுவும், பிரேக்கும், பூட்டும், தண்டவாளமும். 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் மேடை ஒன்றின்மீது நின்றுகொண்டு, அதனைத் தாங்கிய வடத்தை அறுக்கச் சொன்னார். வடம் அறுந்தது, மேடை விழவில்லை, பக்கத்துத் தண்டவாளத்தைப் பற்களால் கவ்விக்கொண்டு நின்றது. மனிதர் லிப்டில் ஏறத் துணிந்தது அந்நாள் முதல்தான். அதில் மின்சாரம் துளியும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மின் மோட்டாரால் இயங்கும் லிப்டை ஜெர்மனியில் சீமென்ஸ் காட்டியது 1880-இல்.

சில ஆண்டுகளுக்கு முன் அடியேன் திருப்பதியில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, லிப்டு இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நாங்கள் மூவர். சற்று நேரத்தில் வெளியே ஓர் இளைஞன் வந்து, ஏதோ சாவியைப் போட்டுத் தளக்கதவைத் திறந்தான். எங்கள் கூண்டின் தரை, வெளித்தளத்துக்கு மேல் இடுப்பளவு உயரத்தில் நின்றது. “குதிங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றான். கூண்டுக்கும் தளத்துக்கும் இடையே கீழே கறுப்பாய் ஒரு வாய் திறந்திருந்தது. குதிக்கும்போது கால் வழுக்கிப் பின்னோக்கிச் சாய்ந்தால், அந்த வாய் நேரே கிணற்றின் அடிக்குக் கொண்டு போய்விடும். லிப்டு விபத்துகளில் கம்பிவடம் அறுவது மிக அரிது; திறந்த கதவின் வழியே குழியில் விழுவதே பெரிதும் அஞ்சத்தக்கது என்பதைப் பின்னர்த்தான் படித்தறிந்தேன். நாங்கள் குதிக்க மறுத்தோம். அவன் மாடிக்கு ஓடி, மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்திக் கையால் சக்கரத்தைச் சுழற்றிக் கூண்டைத் தளத்துக்குக் கொண்டுவந்தான். அதைத்தான் அவன் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

வெளியே வந்தபின் அவனோடு பேசினேன். தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசினான். பலமனேர்ப் பக்கத்துப் பிள்ளை. ஒரு மேஸ்திரிக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே தொழில் கற்றவன். “தம்பி, உனக்குப் பெர்மிட்டு இருக்கிறதா?” என்றேன். “மேஸ்திரிக்கு இருக்கு சார்” என்று சிரித்தான். அந்த மேஸ்திரி வயர்மேன் சோதனை தேறியவராம்.

அவனிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். “ஒருவர் மட்டும் உள்ளே இருக்கும்போது பிரேக்கைத் தளர்த்தினால் கூண்டு மேலே போகுமா, கீழே போகுமா?” அவன் தயங்காமல், “மேலே” என்றான். படித்தவர்கள் பலர் இதற்குத் தவறான விடையே சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். நம் நாட்டுத் தர நிர்ணயத்தில் ஓர் ஆளின் எடை 68 கிலோ எனக் கொள்ளப்பட்டது. எட்டுப் பேர் ஏறும் லிப்டு 544 கிலோ தாங்கவேண்டும். கூண்டின் சொந்த எடை 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மறுபுறம் தொங்கும் எதிர்ப்பளு, கூண்டின் எடையோடு முழுச் சுமையில் ஏறக்குறைய பாதியைச் சேர்த்து அமைக்கப்படும். 800-உம் 272-உம் சேர்ந்து 1,072 கிலோ. ஓர் ஆள் நின்ற கூண்டோ 868 கிலோதான். பிரேக்கு விட்டால் எதிர்ப்பளு இறங்கும். கூண்டு மேலே பாயும். கூண்டின் உச்சியில் ஒரு தொழிலாளி நின்றிருப்பானாயின், அவன் தலைக்கு நேரே மேல்தளத்தின் காங்கிரீட்டு.

இதைத்தான் நான் வற்புறுத்த விரும்புகிறேன். அந்தப் பிள்ளைக்கு எதிர்ப்பளுவின் இயல்பு தெரிந்திருந்தது; யாரும் அவனிடம் சோதித்துப் பார்க்கவில்லை. தளக்கதவின் ஆபத்து அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதையும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவனுடைய மேஸ்திரி பெற்ற சீட்டு ஃபியூஸையும், எர்த்தையும், கம்பியின் கனத்தையும் பற்றிக் கேட்கும் சோதனையின் பயன். லிப்டுக்காரனின் தொழிலில் அது ஒரு கைக்கு மட்டும் கிடைத்த சான்று. மற்றொரு கைக்குச் சான்று வழங்குபவர் யார்?

தொழிற்சாலைகளைப் பொறுத்தமட்டில் இந்த மற்றப் பாதியை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு கவனித்தது. சித்தூருக்கும் சென்னைக்கும் அது ஒன்றே. ஆட்களை ஏற்றும் கூண்டுக்கு வடங்கள் குறைந்தது இரண்டு வேண்டும். ஒவ்வொரு வடமும் தனியே முழு எடையையும் தாங்க வல்லதாக இருக்கவேண்டும். கதவு மூடினாலன்றிக் கூண்டு அசையக்கூடாது. தகுதி வாய்ந்தவர் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. படிக்கும்போதே இது அனுபவம் கண்டு எழுதிய சட்டம் என்பது விளங்கும். ஆனால் யாத்திரிகர் விடுதி தொழிற்சாலையாகாது. அடுக்கு வீடும் ஆகாது. திருப்பதியைப் போன்ற ஊரில் மிகுதியான லிப்டுகள் இருப்பவை அத்தகைய கட்டடங்களில்தான். மேலும், சோதிப்பவரின் தகுதியை அச்சட்டம் கேட்டதேயன்றிப் பழுது பார்ப்பவனின் தகுதியைக் கேட்கவில்லை.

ராஜ்யங்களின் லிப்டுச் சட்டங்களோ ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாகவே வந்தன. கர்நாடகம் 1974-இல், தமிழ்நாடு 1997-இல், கேரளம் 2013-இல், உத்தரப் பிரதேசம் 2024-இல். சில இடங்களில் கட்டட உரிமையாளரோடு நிற்காமல், லிப்டை நிறுவும் நிறுவனமும் பராமரிக்கும் நிறுவனமும் சர்க்காரின் அங்கீகாரம் பெறவேண்டும் என்று விதிகள் ஒரு படி முன்னேறின. கூண்டிலிருந்து கம்பெனி வரை வந்துவிட்டோம். தனி மனிதன் இன்னும் ஒரு படி கீழே நிற்கிறான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் முதலிய சில ராஜ்யங்களில் லிப்டு மெக்கானிக்குக்கு அவன் பெயரிலேயே உரிமம் உண்டு. ஒரு கம்பெனியை விட்டு மறு கம்பெனிக்குப் போனாலும் அது அவனுடையது.

நம் நாட்டிலும் வழி அடியோடு அடைபட்டுக் கிடக்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டத்தில் லிப்டு, எஸ்கலேட்டர் மெக்கானிக் என்னும் ஈராண்டுப் பயிற்சி இருக்கிறது. மோட்டாரும் வடமும் பிரேக்கும் கதவுப் பூட்டும் ஒருங்கே கற்பிக்கும் பயிற்சி அது. எனினும் பயிற்சிச் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. முன்னது ‘இவன் கற்றான்’ என்கிறது. பின்னது ‘இவனன்றி வேறொருவன் தொடலாகாது’ என்கிறது. பலமனேர்ப் பிள்ளையைப் போன்றவர்களுக்கு உரிமம் கட்டாயமானால் முதலில் துன்பமே வரும் என்பதையும் மறைக்கக்கூடாது. பள்ளி இறுதி தாண்டாதவன், சோதனைக் கட்டணமும் கூலி இழப்பும் தாங்கமாட்டாதவன், மேஸ்திரி ஒருவரின் பெயரில் பத்தாண்டு உழைத்தும் தன் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் சேர்த்துக்கொள்ளாதவன், அவன் எங்கே போவான்? கைத்திறமையைக் கையாலேயே செய்து காட்டச் சொல்லிச் சோதித்து, செய்த வேலைக்காலத்தைக் கணக்கில் கொண்டு, அவன் படிக்கும் மொழியில் கேள்வி கேட்கும் சோதனையாயின் அவன் தேறுவான். நான் கேட்ட கேள்விக்கு அவன் தேறினானே.

பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் அடுக்கு வீடுகளில் குடியிருக்கும் நேயர்கள் நாள்தோறும் நாலைந்து முறையாவது லிப்டில் ஏறி இறங்குவீர்கள். எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும் என்பது கூண்டினுள் எழுதியிருக்கும். சட்டமுள்ள ராஜ்யமாயின் உரிமத்தின் எண்ணையும் கடைசியாகச் சோதித்த நாளையும் கட்டடச் சங்கத்தின் காரியதரிசியிடம் கேட்டறியலாம். கேட்கும்போதே, மாதந்தோறும் வந்து எண்ணெயிட்டுப் போகும் ஆளின் பெயரையும், அவர் எந்த ராஜ்யத்துச் சீட்டு வைத்திருக்கிறார் என்பதையும் கேட்டுப் பாருங்கள். ஒருவேளை அவர் நகரிக்காரராகவோ, புத்தூர்க்காரராகவோ இருக்கலாம். தமிழிலேயே பதில் சொல்லுவார்.